ஓமார் தெர்மிதோர் செய்யப் போய் நான் இழந்ததும் கற்றதும்

2023 டிசம்பர் 24ஆம் தேதி இரவு விருந்துக்காக, பக்கத்தில் கேட்பதற்கு ஒருவரும் இல்லாத நிலையில், முதன்முறையாக ஓமார் தெர்மிதோர் என்ற, லாப்ஸ்டரில் செய்யும் பிரெஞ்சு உணவைச் செய்தேன். அதற்காக 113 யூரோவும், இரண்டு நாட்களில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரமும் செலவிட்டேன். கடைசியில் விருந்தினர் முன் நான் வைத்தது, பல்லுக்கு அடங்காமல் இழுபட்ட இறைச்சியும் உப்புத் தூக்கலான சாஸும்தான். எல்லோரும் விடைபெற்றுப் போன பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு முன்பு நான் படித்திருந்த சமையல் குறிப்புகள் ஒவ்வொன்றும் எந்தப் பொருள் எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்லியிருந்தன. எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பதை மட்டும் எதுவும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டி எச்சரித்திருந்தால் அந்தப் பணமும் அந்த இரவும் எனக்கு மிஞ்சியிருக்கும் என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிறந்தவள். பாரிஸின் வடக்குப் புறநகரான சார்செல்லுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் பாரிஸ் உணவகம் ஒன்றில் இனிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். உணவகத்தில் வேலை பார்ப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் வீட்டில் இருப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். அந்த ஆண்டு எங்கள் மகன், தான் மணக்கப் போகும் பெண்ணின் தாய் தந்தையரை அந்த இரவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தான். அவர்கள் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். வருங்காலச் சம்பந்திகள் முதன்முறையாக நம் வீட்டில் கை நனைக்கும்போது பிரியாணி போதாது, அவர்கள் மண்ணின் உயர்ந்த உணவு ஒன்றை என் கையால் செய்து பரிமாற வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேர் விட்டுவிட்டது. “அம்மா, எளிமையாக ஏதாவது செய்யுங்கள்” என்று மகன் இரண்டு முறை சொன்னான். நான் கேட்கவில்லை.

நம் கடற்கரையில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்குகள் கிடையாது; நீண்ட முள் மீசைதான் உண்டு. பிரெஞ்சில் அதற்கு லாங்குஸ்ட் என்று பெயர். ஓமார் என்பது முன்னால் இரண்டு பெருங்கொடுக்குகள் கொண்ட வேறு இனம். தெர்மிதோருக்கு வழக்கமாக எடுப்பது இதைத்தான். இதைப் பச்சையாகவே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோ வேகவைத்த பின் பிளந்தோ, இறைச்சியை எடுத்துத் துண்டுகளாக்கி, வெங்காயம், வெள்ளை ஒயின், க்ரீம், கடுகு, முட்டை மஞ்சள் கரு, கோன்யாக் பிராந்தி சேர்ந்த சாஸில் புரட்டி, மறுபடியும் ஓட்டுக்குள்ளேயே நிரப்பி, மேலே சீஸ் தூவி ஓவனில் பொன்னிறமாக்குவதுதான் இந்த உணவு. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. தெர்மிதோர் என்பது பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் உருவாக்கிய நாட்காட்டியில் ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை நீளும் மாதம். வெப்பம் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த மாதத்தின் ஒன்பதாம் நாளில், 1794 ஜூலை 27 அன்று, புரட்சித் தலைவர் ரொபேஸ்பியர் வீழ்ந்தார். அந்த நிகழ்ச்சியை வைத்து விக்தோரியன் சார்து எழுதிய ‘தெர்மிதோர்’ நாடகம் 1891 ஜனவரியில் பாரிஸின் கொமெதி பிரான்சேஸ் அரங்கில் மேடையேறி, கலவரத்தால் சில மேடையேற்றங்களோடு நிறுத்தப்பட்டது. நாடகம் மறைந்துபோனாலும் அதன் பெயரால் பாரிஸ் உணவகத்தில் அழைக்கப்பட்ட இந்த உணவு நிலைத்துவிட்டது. வெப்பத்தின் பெயர் கொண்ட இந்த உணவில் நான் தோற்றதும் வெப்பத்திடம்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் இழப்பு அடுப்புப் பற்றவைக்கும் முன்பே நடந்தது. 23ஆம் தேதி காலை சந்தை மீன் கடையில் பிரெத்தாஞ் நீல ஓமார் கிலோ 60 யூரோவைத் தொட்டிருந்தது. கனடாவிலிருந்து வந்தது கிலோ 29 யூரோ. தலா 600 கிராம் வரும் மூன்று கனடா ஓமார்களை உயிருடன் 52 யூரோ கொடுத்து வாங்கினேன். ஆளுக்குப் பாதி என்று ஐந்து பேருக்குக் கணக்கு. உயிருள்ள பிராணியைத் தண்ணீரில்தானே வைக்க வேண்டும் என்று நினைத்து, பெரிய டப்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து, இரண்டு கைப்பிடி உப்பும் போட்டு, அவற்றை அதில் விட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு துவண்டு கிடந்தன. தூக்கினால் வால் உள்ளே மடங்காமல் ஈரத்துணி போலத் தொங்கியது. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீர் கடல் பிராணிக்கு நஞ்சுக்குச் சமம் என்பதும், உப்பைக் கரைத்தாலும் தேங்கிய நீரில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதும், செவுள் ஈரமாக இருந்தால் குளிர்ந்த காற்றிலேயே ஓமார் ஒரு நாள் உயிர் வாழும் என்பதும் எனக்குத் தெரியாது. செத்த ஓமாரின் உடலிலுள்ள நொதிகள் உடனே அதன் இறைச்சியைக் கரைக்கத் தொடங்குகின்றன, கிருமிகளும் வேகமாகப் பெருகுகின்றன. எப்போது செத்தது என்று தெரியாத ஒன்றைச் சம்பந்திகளுக்குப் பரிமாற முடியாது. 35 யூரோவைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். இரண்டு உயிர்களை வீணாக்கிவிட்டேன் என்ற குற்ற உணர்வு பண இழப்பைவிட அதிகமாக உறுத்தியது.

ஆகவே உயிருள்ள ஓமார் வாங்குவதாக இருந்தால், சமைக்கும் நாளிலேயே வாங்குங்கள். கடையிலேயே முதுகைப் பிடித்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாலை வயிற்றுப் பக்கம் சுருட்டி அடித்துக்கொண்டால் நல்ல உயிர்ப்பு இருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு வந்ததும், உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியிலோ ஈரச் செய்தித்தாளிலோ தளர்வாகச் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மூடி போட்ட டப்பாவும் கட்டிய பிளாஸ்டிக் பையும் கூடாது. கொடுக்குகளில் கட்டியிருக்கும் ரப்பர் பட்டையை அவிழ்க்க வேண்டாம்; அந்தக் கொடுக்குக்கு விரலை நசுக்கும் பலம் உண்டு.

அன்று காலை மீன் கடைகள் எல்லாம் நெரிசலில் திணறின. பேரங்காடியில் வேகவைத்து உறையவைத்த ஓமார் மட்டும்தான் மிச்சமிருந்தது. ஒன்று 15 யூரோ வீதம் இரண்டு வாங்கி வந்தேன். உறைந்ததைக் கரைக்க ஓர் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. எனக்கு ஓர் இரவு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை மணியில் வெளிப்புறம் குழைந்து பஞ்சாகிவிட்டது, நடுவில் பனி அப்படியே இருந்தது, அதன் சாறெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. வேகவைத்து உறைந்ததை வாங்குவதில் தவறில்லை. ஆனால் முந்தைய நாளே அடித்தட்டில் வைத்துப் பொறுமையாகக் கரைய விட வேண்டும். அது ஏற்கெனவே முழுதாக வெந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நான் இரண்டாவதைத்தான் மறந்தேன்.

உயிரோடு மிஞ்சிய ஒன்றைக் கொல்வது அடுத்த சோதனை. காரைக்காலில் நண்டு கழுவி வளர்ந்தவள்தான் என்றாலும், அந்த அளவுள்ள ஒரு பிராணி மீசையை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொதிநீரில் போட்டுவிட்டேன். மூடிக்குள் அது அடித்துக்கொண்ட சத்தம் சில வினாடிகள்தான் கேட்டது. ஆனால் பல இரவுகள் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் ஃப்ரீசரில் 20 நிமிடம் வைக்கிறேன். குளிரில் அது மரத்துப் போகிறது. பிறகு பலகையில் வைத்து, தலையின் முதுகுப்புறத்தில் தெரியும் குறுக்குக் கோட்டில் கனமான கத்தியின் முனையை ஊன்றி, கண்களை நோக்கி ஒரே அழுத்தில் பிளக்கிறேன். அதன் பிறகும் கால்கள் சிறிது நேரம் அசையலாம். அது நரம்பின் அசைவு. சுவிட்சர்லாந்தில் 2018 மார்ச் முதல் ஓமாரை மயக்காமல் உயிரோடு கொதிநீரில் போடுவது சட்டப்படி குற்றம். இதைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள் தயங்காமல் உறையவைத்ததை வாங்கலாம், அல்லது கடைக்காரரையே பிளந்து தரச் சொல்லி அன்றே சமைத்துவிடலாம். உணவு விருப்பத்துக்காக உங்கள் மனத்தை வதைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நான் செய்த மிகப் பெரிய பிழைக்கு வருகிறேன். 600 கிராம் ஓமாரை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று தேடியபோது 10 நிமிடம், 12 நிமிடம் என்றெல்லாம் கிடைத்தது. அவை வேகவைத்து அப்படியே மயோனேஸுடன் உண்பதற்கான நேரங்கள். தெர்மிதோரில் ஓமார் மூன்று முறை வெப்பத்தைச் சந்திக்கிறது: முதலில் கொதிநீரில், அடுத்துச் சுடு சாஸில், கடைசியாக ஓவனின் மேல்புறச் சூட்டுக் கம்பியான க்ரில்லுக்கு அடியில். முதல் கட்டத்திலேயே முழுதாக வேகவிட்டால், மீதி இரண்டு கட்டங்களும் அதன் சாற்றைப் பிழிந்து எடுத்துவிடும். நான் 12 நிமிடம் வேகவைத்தேன், சாஸில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டேன், ஓவனில் மேலும் கால் மணி நேரம் வைத்தேன். முன்பே வெந்து வந்த இரண்டையும் இதே போலத்தான் நடத்தினேன். ஓடு சிவந்துவிட்டதே, வெந்துவிட்டது என்று ஓட்டை வைத்து முடிவு செய்வதும் தவறு. ஓமாரின் சிவப்பு நிறமி முதலிலிருந்தே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் கருநீலமாகத் தெரிகிறது. சூடு பட்டவுடன் அந்தப் பிடி விட்டுப்போய்ச் சிவப்பு வெளிப்படுகிறது. ஓரிரு நிமிடத்திலேயே ஓடு சிவந்துவிடும், உள்ளே இறைச்சி பச்சையாகவே இருக்கும்.

உப்புப் பிழை இதன் தொடர்ச்சி. லிட்டருக்கு 35 கிராம் உப்பிட்டு வேகவைத்த அந்தத் தண்ணீரில் ஓமாரின் மணம் இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று அரை லிட்டர் எடுத்துச் சுண்டவைத்துச் சாஸில் ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இது எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு கரண்டி சுவைத்தபோது நாக்கு சுருண்டது. 200 மில்லி க்ரீமும் பாலும் சேர்த்து இழுத்துப் பார்த்தேன், அரைகுறையாகத்தான் சரிப்பட்டது. சாஸுக்கான சாற்றை வேகவைத்த நீரிலிருந்து எடுக்கவே கூடாது. கொடுக்கு ஓட்டையும் சின்னக் கால்களையும் நசுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில் மணம் வரும் வரை வதக்கி, 400 மில்லி நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பிடாமல் 25 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால் போதும். அரை மணிக்கு மேல் போனால் ஓட்டின் கசப்பு இறங்கத் தொடங்குகிறது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. கோன்யாக்கை ஊற்றித் தீப்பற்றவைக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. எரியும் அடுப்பின் மேல், புகைபோக்கி ஓடிக்கொண்டிருக்க, பாட்டிலிலிருந்தே நேராக ஊற்றினேன். தீ என் முகத்தளவு எழும்பியது. புகைபோக்கியின் காற்று அதை மேலே இழுத்தது. அந்த வலையில் பல மாத எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. பக்கத்தில் பெரிய மூடி இருந்ததால் அதைக் கவிழ்த்து, எரிவாயுவை மூடினேன். தண்ணீர் ஊற்றத் தோன்றாதது என் நல்வினை. பிரான்சில் 2015 மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமாக்கப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியது. நாற்காலி மேல் ஏறி அதை நிறுத்தும்போது முன்மயிர் கருகிய வாடை வந்தது. வீட்டுச் சமையலறையில் தீப்பற்றவைக்கும் வேலையே தேவையில்லை என்பது என் உறுதியான முடிவு. ஒரு மேசைக்கரண்டி கோன்யாக்கைக் கிண்ணத்தில் அளந்து வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு வாணலியில் விட்டு, மறுபடி சிறு தீயில் ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் காரம் போய் மணம் நிற்கிறது. சுவையில் நான் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை.

அன்று கடைசியாக நடந்தது, நிரப்பிய ஓடுகள் தட்டில் நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்து பாதி சாஸ் தட்டில் வழிந்து கருகியது. எட்டரை மணிக்குப் பரிமாறுவதாக இருந்தது, பத்தேகாலுக்குத்தான் பரிமாற முடிந்தது. சம்பந்தியம்மா ஒரு துண்டை நெடுநேரம் மென்றார். முகம் கோணாமல் முழுவதையும் சாப்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்து, “நாங்கள் வீட்டில் ஓமாரைக் கடல் தண்ணீரில் வேகவைத்து வெண்ணெய் தொட்டுச் சாப்பிடுவதோடு சரி. தெர்மிதோர் செய்ய எனக்கே துணிவு வந்ததில்லை” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் செய்து கெடுத்ததை அவர் மன்னிக்கிறார் என்று தோன்றியதால், அதைக் கேட்டபோது என் மனம் இன்னும் கனத்தது.

ஜனவரியில் விலை இறங்கியது. கிலோ 22 யூரோவுக்கு 550 கிராம் ஓமார் ஒன்றை மட்டும் 12 யூரோவுக்கு வாங்கி, எனக்காக மட்டும் மறுபடி செய்தேன். விருந்தினர் யாரும் வருவதாக இல்லாத ஒரு நாளில் செய்து பழக வேண்டியது என் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் கல்லுப்பு. இது கடல் நீருக்குப் பக்கத்தில் வரும். வால் சுருண்டுகொண்டால் நேராகப் பிளக்க முடியாது என்பதால், மரக்கரண்டியின் காம்பை வாலின் அடிப்புறம் வைத்து நூலால் கட்டினேன். நீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, சரியாக ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினேன். கொடுக்குகளை மட்டும் முறுக்கி எடுத்து இன்னும் இரண்டு நிமிடம் வேகவிட்டேன், அவற்றின் ஓடு தடிப்பானது. வால் இறைச்சியைப் பிளந்து பார்த்தபோது ஓரம் வெண்மையாகவும் நடு கண்ணாடி போலவும் இருந்தது. அந்த நிலைதான் வேண்டும்.

பிளப்பதற்குக் கனமான கத்தியும் நழுவாத பலகையும் இருந்தால் போதும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள். தலையின் நடுக்கோட்டிலிருந்து கண்வரை ஒரு வெட்டு, திருப்பி வைத்து வால்வரை ஒரு வெட்டு. ஓடு உடையக் கூடாது. அதுதான் நம் பாத்திரம். கண்களுக்குப் பின்னால் மணல் போன்ற துகள்கள் அடங்கிய சிறு பை ஒன்று இருக்கும், அதுவும், வால் நெடுக ஓடும் குடல் நூலும், பக்கவாட்டில் இறகு போலிருக்கும் செவுளும் எடுத்துவிட வேண்டியவை. தலைக்குள் பச்சையாகக் குழைந்திருப்பது கல்லீரலும் கணையமும் சேர்ந்தது போன்ற உறுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சாஸில் கரைப்பார்கள், சுவை ஆழமாகும். ஆனால் கடலின் மாசு சேரும் இடமும் அதுதான் என்பதால், குழந்தைகள் அதை உண்ணக் கூடாது, பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஓர் ஓமாரின் அளவோடு நிறுத்த வேண்டும் என்று கனடாவின் சுகாதாரத் துறை சொல்கிறது. நான் ஒரு சிறு கரண்டிக்கு மேல் சேர்ப்பதில்லை. கொடுக்கை உடைக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். துணியில் சுற்றி, கத்தியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினால் உடைகிறது. எல்லா இறைச்சியையும் தராசில் வைத்தேன்: 550 கிராம் பிராணியிலிருந்து 140 கிராம். இந்தக் கணக்குத் தெரியாமல்தான் பலர் குறைவாக வாங்கிவிட்டுத் தவிக்கிறார்கள்.

இரண்டு பாதிக்கான சாஸ் இதுதான். இரண்டு எஷலோத் வெங்காயத்தைப் பொடியாக அரிந்து 25 கிராம் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். எஷலோத் கிடைக்காதபோது பாரிஸின் லா ஷாப்பேல் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கிய நம் சின்ன வெங்காயத்தைப் போட்டேன், குறையொன்றும் இல்லை. முஸ்கதே போன்ற புளிப்பான வெள்ளை ஒயின் 100 மில்லி ஊற்றி, இரண்டு கரண்டி அளவுக்கு வற்றவிட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் சாஸில் பச்சை ஒயின் வாடை நிற்கும். 15 கிராம் மைதாவைத் தூவிக் கிளறி, வடித்த ஓட்டுச் சாறு 150 மில்லியும் க்ரீம் 100 மில்லியும் சிறிது சிறிதாக ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை துழாவ வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அப்போது திஜோன் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, முன்சொன்ன கோன்யாக், கிடைத்தால் எஸ்ட்ராகோன் என்ற மூலிகையின் நான்கைந்து இலைகள், ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள். உப்பு கடைசியில்தான், சுவைத்த பிறகுதான்; சீஸிலும் உப்பு உண்டு. ஜனவரியில் நான் இங்கே முட்டை மஞ்சள் கருவைக் கொதிக்கும் சாஸில் நேராகப் போட்டு, அது பொடித்த முட்டைப் பொரியலாகத் திரிந்துபோயிற்று. மஞ்சள் கருவைத் தனிக் கிண்ணத்தில் அடித்து, சூடான சாஸை ஒவ்வொரு கரண்டியாக அதில் கலந்து பழக்கிவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு மொத்தத்தையும் சேர்க்க வேண்டும். திரிந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு கரண்டி குளிர்ந்த க்ரீம் விட்டு அடித்து, மெல்லிய சல்லடையில் வடித்தால் முக்கால்வாசி மீண்டுவிடும்.

இறைச்சியை ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்புள்ள துண்டுகளாக வெட்டி, அடுப்பு அணைந்த பிறகே சாஸில் புரட்டுகிறேன். தட்டில் கல்லுப்பைத் திட்டாகப் பரப்பி அதில் ஓடுகளை அழுத்தி உட்கார வைத்தால் அசையாமல் நிற்கும். அடியில் ஒரு கரண்டி சாஸ், அதன் மேல் இறைச்சி, மறுபடி சாஸ், மேலே கட்டியாக வாங்கி வீட்டில் துருவிய கோந்தே அல்லது க்ரூயேர் சீஸ் ஒரு பாதிக்கு 15 கிராம். அதற்கு மேல் போட்டால் ஓமாரின் இனிப்பை சீஸ் விழுங்கிவிடும்; பல உணவகப் படங்களில் தெரியும் தடித்த சீஸ் போர்வை எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. க்ரில்லை முன்கூட்டியே 220 பாகைக்குக் காயவைத்து, கம்பிக்கும் ஓட்டுக்கும் ஒரு சாண் குறையாமல் இடைவெளி விட்டு, நான்கைந்து நிமிடம் வையுங்கள், ஓவன் கதவருகே இருந்து நகராதீர்கள். 12 யூரோ கொடுத்து வாங்கிய இறைச்சி வெப்பமானியைத் துண்டின் நடுவில் குத்திப் பார்க்கிறேன், 63 பாகை வந்தால் எடுத்துவிடுகிறேன். நிரப்பியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து நேரே க்ரில்லில் வைத்தால் மேலே கருகும், உள்ளே குளிர்ந்திருக்கும். அதனால் விருந்து நாளில் முன்கூட்டியே ஓமாரை வேகவைத்து, வெட்டி, ஓட்டுச் சாற்றைத் தயார்செய்து, ஓடுகளைக் கழுவி வைத்துக்கொள்கிறேன். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது, சாஸைச் சுடவைத்து மஞ்சள் கரு சேர்த்து நிரப்பி க்ரில்லில் வைக்கும் இருபது நிமிட வேலைதான்.

பிப்ரவரியில் ஒரு முறை செய்து பார்த்துத் திருப்தி வந்த பிறகு, 2024 மார்ச் 31ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு மதியம், அதே விருந்தினரை மறுபடி அழைத்தேன். மூன்று ஓமார், ஒயின், க்ரீம், சீஸ் எல்லாம் சேர்த்து 78 யூரோ ஆயிற்று. அழைப்பதற்கு முன், யாருக்கேனும் இறால், நண்டு வகை ஒவ்வாமை உண்டா என்று மகனிடம் கேட்டேன். டிசம்பரில் அதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் வெறும் சோறும் பச்சைக் கீரையும் மட்டும் வைத்தேன், சாஸுக்குச் சோறுதான் சரியான துணை. சம்பந்தியம்மா முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தார், முட்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு ஓட்டின் மூலையில் ஒட்டியிருந்த சாஸைச் சின்னக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டபடியே, கொடுக்கைத் தனியாக எத்தனை நிமிடம் வேகவைத்தீர்கள் என்று கேட்டார். “இரண்டு நிமிடம், சம்பந்தியம்மா” என்றேன். அவர் மகளிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மிஞ்சிய தலை ஓடுகளை மறுநாள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நண்டு ரசம் வைப்பது போல வைத்தேன். என் கணவர் இரண்டு கிண்ணம் குடித்தார். சாப்பிட்டு முடித்த ஓடுகளை மட்டும் உடனே குப்பையில் போடாதீர்கள். இரண்டாம் நாளே வீடு முழுவதும் நாறும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வைத்திருந்து, குப்பை வண்டி வரும் அன்று காலை எடுத்துப் போடுங்கள்.